நெட் லைன் இரண்டு, ப்ராக்ஸி ஒன்று: யார் எந்த வழியில் போவது?

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் கடைத்தெருவில் ஒரே கடைக்குள் இரண்டு தொழில் நடப்பதைப் பார்க்கலாம். முன்பக்கம் பொது சேவை மையம். சிட்டா எடுக்க, பயிர்க் காப்பீடு பதிய, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். பின்பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பு. டேலி, டைப்பிங் படிக்கிற பிள்ளைகள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாளாக இருக்கும். அந்த வாரம் முழுக்க அடங்கல், பாஸ்புக் நகல், ஆதார் நகல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் வரிசையில் நிற்பார்கள். அதே நேரத்தில் பின்பக்கம் இருபது பிள்ளைகள் வீடியோ பாடத்தைத் திறந்தால் முன் கவுண்டரில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வே எண், பரப்பு எல்லாம் அடித்து முடித்து, பணம் கட்டும் இடத்துக்குப் போவதற்குள் லாகின் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்து நிற்கிறவர்.

இந்த நிலையில் கடைக்காரர் இன்னொரு நெட் லைன் வாங்குவார். நல்ல முடிவுதான். ஆனால் லைன் வந்து சேர்ந்ததாலேயே கூட்டம் தானாகப் பிரிந்துவிடாது. கவுண்டர் மெஷின்கள் ஒரு லைனில், வகுப்பு மெஷின்கள் மறு லைனில் என்று எங்கேயாவது சொல்லி வைக்க வேண்டும். எல்லா மெஷினும் ஒரே ப்ராக்ஸி வழியாகப் போகிற இடத்தில், எங்கே சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதைப் புரிந்துகொண்டால் மீதி நாலைந்து வரி வேலை. பள்ளியில் அலுவலகமும் லேபும், ஆஸ்பத்திரியில் பில்லிங்கும் வரவேற்பறையும் என எந்த இடத்துக்கும் இதே முறைதான்.

ப்ராக்ஸி நடுவில் என்ன செய்கிறது?

ப்ராக்ஸி என்பது உங்கள் மெஷினுக்காக நெட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வரும் இடைநிலை மெஷின். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் உங்கள் கம்ப்யூட்டர் அந்தத் தளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. ப்ராக்ஸியிடம் கேட்கிறது. ப்ராக்ஸி தன் பெயரில் தளத்தைக் கேட்டு, வந்த பதிலை உங்களிடம் தருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்குப் பெயர்போன மென்பொருள் ஸ்க்விட். 1996இல் தொடங்கியது, இன்றைக்கும் இலவசம். வழக்கமாக 3128 என்ற போர்ட்டில், அதாவது மெஷினின் அந்த எண்ணுள்ள வாசலில், உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை இறக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் ப்ராக்ஸி வைத்தார்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டிய இணைப்பில் (https) வருவதால் அந்தப் பயன் குறைந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் வகுப்பில் எந்தத் தளத்தைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தவும், யார் எப்போது எங்கே போனார்கள் என்று பதிவு வைக்கவும் ப்ராக்ஸி இன்னும் தேவைப்படுகிறது. இந்த இரண்டும் உங்களுக்கு வேண்டாம் என்றால் ப்ராக்ஸியே வேண்டாம். கவுண்டர் மெஷின்களை நேராக முதல் மோடத்தில் செருகிவிட்டு, வகுப்பை இரண்டாவது மோடத்தில் செருகிவிடுங்கள். அதைவிட எளிய வழி கிடையாது. ப்ராக்ஸி வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு உள்ள விளக்கம்.

ஆள் அடையாளம் எங்கே தொலைகிறது?

முதலில் ப்ராக்ஸி இல்லாத இடத்தைப் பார்ப்போம். கடையில் கவுண்டர் மெஷின்களுக்கு 192.168.10.11 முதல் 192.168.10.14 வரை முகவரி, வகுப்பு மெஷின்களுக்கு 192.168.10.51 முதல் 192.168.10.80 வரை முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்டில் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டு முகவரியும் இருக்கும். லினக்ஸ் ரௌட்டர் ஒன்றை வைத்து, ‘11 முதல் 14 வரை வந்தால் முதல் லைன், 51 முதல் 80 வரை வந்தால் இரண்டாவது லைன்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது.

இப்போது நடுவில் ப்ராக்ஸியை வையுங்கள். கவுண்டர் மெஷின் அனுப்பிய பாக்கெட் ப்ராக்ஸியோடு முடிந்துவிடுகிறது. தளத்தை நோக்கிக் கிளம்புவது ப்ராக்ஸி புதிதாகத் தொடங்கும் வேறொரு இணைப்பு. அதில் அனுப்புநர் முகவரி ப்ராக்ஸியினுடையது. கவுண்டரில் கேட்டாலும் வகுப்பில் கேட்டாலும் வெளியே கிளம்பும் பாக்கெட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முக்கொம்பில் நின்றுகொண்டு எது கபினித் தண்ணீர், எது பவானித் தண்ணீர், எது அமராவதித் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா? அதே நிலைதான். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை. கலக்கும் இடத்திலேயே அடையாளம் வைத்தால்தான் உண்டு. இங்கே கலக்கும் இடம் ப்ராக்ஸி.

அதனால்தான் ரௌட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வேலைக்கு ஆவதில்லை. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் பெட்டியில் ஸ்க்விட்டையும் சேர்த்துப் போட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான். லேன் பக்கத்தில், அதாவது கடையின் உள் நெட்வொர்க் பக்கத்தில், ‘இந்த முகவரிக்கு இந்த கேட்வே (வெளியே போகும் வழி)’ என்று அழகாக விதி எழுதியிருப்பார்கள். ஆனால் வெளியே போகும் இணைப்பை அந்தப் பெட்டியே தொடங்குவதால், லேன் விதி அதைத் தொடுவதே இல்லை. எல்லாம் ஒரே லைனில் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டு பாதி வேலை

ஆக, யார் கேட்டது என்பது ப்ராக்ஸிக்கு மட்டுமே தெரியும். எந்த லைனில் பாக்கெட் போக வேண்டும் என்று முடிவு செய்வதோ லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். ப்ராக்ஸி தனக்குத் தெரிந்ததைக் கர்னலுக்குப் புரிகிற அடையாளமாக மாற்றித் தர வேண்டும். கர்னல் அந்த அடையாளத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஒரு வேலை.

ப்ராக்ஸி மெஷினில் மூன்று நெட்வொர்க் கார்டு இருக்கட்டும். உள்பக்கக் கார்டுக்கு 192.168.10.1. முதல் மோடத்தோடு சேரும் கார்டுக்கு 192.168.1.2; அந்த மோடத்தின் முகவரி 192.168.1.1. இரண்டாவது மோடத்தோடு சேரும் கார்டுக்கு 192.168.2.2, அந்த மோடம் 192.168.2.1. இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் மோடங்களில் பலவும் 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வரும். இரண்டு மோடமும் அதே முகவரியில் இருந்தால் ப்ராக்ஸி மெஷினுக்கு ஒன்றும் புரியாது. லைன் போட வந்தவர் கிளம்புவதற்கு முன்பே இரண்டாவது மோடத்தின் உள் முகவரியை 192.168.2.1 என்று மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முதல் பாதி ஸ்க்விட்டில். அதன் அமைப்புக் கோப்பில் முதலில் குழுக்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். இதை ஏசிஎல் என்பார்கள். 11 முதல் 14 வரை ‘கவுண்டர்’, 51 முதல் 80 வரை ‘வகுப்பு’. அடுத்து டிசிபி அவுட்கோயிங் அட்ரஸ் என்ற கட்டளை. கோப்பில் இதைச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். ஒரு வரியில் 192.168.1.2 என்ற முகவரியும் கவுண்டர் என்ற பெயரும். அடுத்த வரியில் 192.168.2.2 என்ற முகவரியும் வகுப்பு என்ற பெயரும். அவ்வளவுதான். இனி கவுண்டர் கேட்டால் ஸ்க்விட் 192.168.1.2 என்ற முகவரியைப் போட்டுக்கொண்டு வெளியே போகும். வகுப்பு கேட்டால் 192.168.2.2 என்று போட்டுக்கொண்டு போகும். வரிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லோருக்கும் பொதுவான வரி ஏதாவது எழுதினால் அதைக் கடைசியில் வையுங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அனுப்புநர் முகவரியை மாற்றிவிட்டால் லைனும் மாறிவிடும் என்ற நம்பிக்கை. மாறாது. ஏனென்றால் கர்னல் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது வழக்கமாகப் போகுமிடத்தை மட்டுமே பார்க்கும், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காது. எந்த இடத்துக்கு எந்த வழி என்று கர்னல் வைத்திருக்கும் பட்டியல்தான் ரூட்டிங் டேபிள். வெளி உலகத்துக்கு ஒரே ஒரு கேட்வே முதன்மை டேபிளில் இருக்கும். எந்த முகவரியைப் போட்டுக்கொண்டு வந்தாலும் அந்த ஒரே வழியில் தள்ளிவிடும். 192.168.2.2 என்ற முகவரி போட்ட பாக்கெட் முதல் மோடத்துக்குப் போய் நிற்கும். தன் வட்டாரத்தில் இல்லாத முகவரி என்று மோடம் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். வெளியே அனுப்பினாலும் வருகிற பதிலை எங்கே கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. வகுப்பில் பக்கம் திறக்காமல் தொங்கும். அமைப்பைச் செய்தவர் ஸ்க்விட்டைக் குறை சொல்வார். ஸ்க்விட் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும்.

இரண்டாவது பாதி கர்னலில். லினக்ஸில் ஒன்றுக்கு மேற்பட்ட ரூட்டிங் டேபிள் வைத்துக்கொள்ளலாம். 1999இல் வந்த 2.2 கர்னலில் இருந்தே இந்த வசதி உண்டு. முதன்மை டேபிளின் எண் 254. நமக்கென்று 1 முதல் 252 வரை எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். டேபிள் 101 என்று ஒன்றை உருவாக்கி அதில் ‘வெளியே போக 192.168.1.1’ என்று எழுதுங்கள். டேபிள் 102இல் ‘வெளியே போக 192.168.2.1’. இதை ஐபி ரூட் என்ற கட்டளையால் செய்யலாம். பிறகு ஐபி ரூல் கட்டளையால் இரண்டு விதி: 192.168.1.2 என்ற முகவரியிலிருந்து வந்தால் டேபிள் 101ஐப் பார், 192.168.2.2 என்ற முகவரியிலிருந்து வந்தால் டேபிள் 102ஐப் பார். இந்த விதிகள் முதன்மை டேபிளுக்கான விதிக்கு முன்பே பரிசீலிக்கப்படும். அந்த முதன்மை விதியின் முன்னுரிமை எண் 32766. நீங்கள் சேர்க்கும் விதி அதைவிடச் சிறிய எண்ணில் இருந்தால் போதும்.

இப்போது ஒரு கோரிக்கையின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். கவுண்டரில் இருக்கும் 192.168.10.12 பயிர்க் காப்பீட்டுத் தளத்தைக் கேட்கிறது. கோரிக்கை 192.168.10.1இல் 3128 போர்ட்டுக்கு வருகிறது. ஸ்க்விட் முகவரியைப் பார்த்து ‘இது கவுண்டர்’ என்று அறிந்து 192.168.1.2ஐ அனுப்புநராகப் போட்டு இணைப்பைத் தொடங்குகிறது. கர்னல் விதிகளைப் பார்க்கிறது, 192.168.1.2க்கு டேபிள் 101 என்று இருக்கிறது. டேபிள் 101 சொல்வது 192.168.1.1. பாக்கெட் முதல் மோடம் வழியாக ஃபைபருக்குள் போகிறது. பதிலும் அதே வழியில் வருகிறது. பின்பக்கம் பிள்ளைகள் திறக்கும் பக்கம் எதுவும் இந்த வழியில் வராது.

இதே வேலையை மார்க் என்ற முறையிலும் செய்யலாம். முகவரிக்குப் பதில் பாக்கெட்டில் ஒரு எண்ணைக் குறியாக வைத்து, அந்தக் குறியைப் பார்த்து வழி பிரிப்பது. ஸ்க்விட் 3.2இல் இருந்து இந்த வசதி உண்டு. பெரிய இடங்களுக்கு அது நல்லது. ஆனால் மார்க் முறையில் திரும்பி வரும் பதிலில் அந்தக் குறி இருக்காது. பாக்கெட் சரியான லைனில்தான் வருகிறதா என்று பார்க்கும் கர்னலின் ஆர்பி ஃபில்டர் கடுமையான நிலையில் இருந்தால் ‘இந்த லைனில் இது வரக் கூடாதே’ என்று பதிலை வீசிவிடும். அதைத் தளர்த்த வேண்டும், இன்னும் சிலதைக் கவனிக்க வேண்டும். இரண்டு லைன், இரண்டு குழு உள்ள கடைக்கு முகவரி முறையே போதும் என்பது என் கருத்து.

கவனிக்காமல் விட்டால் காலை வாரிவிடுபவை

முதலாவது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு. ஸ்க்விட் ஒரு தளத்தோடு தொடங்கிய இணைப்பை உடனே மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்தப் பார்க்கும். வகுப்புக்காகத் திறந்த இணைப்பைக் கவுண்டருக்கும் கொடுத்துவிட்டால் நம் பிரிவினை குழம்பிப்போகும். சர்வர் பெர்சிஸ்டென்ட் கனெக்‌ஷன்ஸ் என்ற அமைப்பை ஆஃப் செய்யுங்கள். ஆள் பார்த்து முகவரி மாற்றும் இடத்தில் இதை அணைத்துவைப்பதே நல்லது என்று ஸ்க்விட்டின் கையேடே சொல்கிறது.

இரண்டாவது, டிஎன்எஸ். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தளத்தின் பெயரைக் கொடுத்து ஐபி முகவரியைக் கேட்டு வாங்குவது ஸ்க்விட்டே செய்யும் வேலை. அந்தக் கேள்வி டிசிபி அவுட்கோயிங் அட்ரஸ் வரிகளுக்குக் கட்டுப்படாது. முதன்மை டேபிள் காட்டும் வழியில் போகும். முதன்மை வழி வகுப்பு லைனாக இருந்து, அந்த லைன் படுத்துவிட்டால், கவுண்டர் லைன் முழு வேகத்தில் இருந்தும் கவுண்டரில் ஒரு தளமும் திறக்காது. லைன் நன்றாக இருக்கிறது, மோடத்தில் விளக்கு எரிகிறது, ஆனால் பக்கம் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைத் தவிர்க்க ஸ்க்விட்டுக்கு இரண்டு டிஎன்எஸ் சர்வர் கொடுங்கள். 1.1.1.1க்கு முதல் லைன் வழி, 8.8.8.8க்கு இரண்டாவது லைன் வழி என்று முதன்மை டேபிளில் தனித்தனி வழி எழுதிவிடுங்கள். ஒன்று படுத்தாலும் மற்றது பதில் சொல்லும்.

ஐபிவி6 பற்றியும் ஒரு வார்த்தை. 192 என்று தொடங்கும் முகவரிகளை வைத்து நாம் எழுதியதெல்லாம் பழைய ஐபிவி4க்கு மட்டும். மோடம் ப்ராக்ஸி மெஷினுக்கு ஐபிவி6 முகவரியும் கொடுத்தால், அந்தப் பாதையில் போகும் போக்குவரத்து நம் விதிகளுக்குள் வராது. அதற்கும் விதி எழுதும் வரை வெளிப்பக்கக் கார்டுகளில் ஐபிவி6ஐ நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் முகவரி. குழு பிரிப்பது மெஷினின் ஐபி முகவரியை நம்பி நடப்பதால், அது தினமும் மாறக் கூடாது. மெஷின்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில் ஒவ்வொரு மெஷினுக்கும் முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். வகுப்பில் விவரமான பிள்ளை ஒருவன் தன் மெஷினுக்கு 192.168.10.13 என்று கையால் போட்டுக்கொண்டு கவுண்டர் லைனில் ஏறிவிட முடியும். அது கவலை என்றால் இரண்டு குழுவையும் தனித்தனி கார்டிலோ, ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க் வைக்கும் விலானிலோ பிரிப்பதுதான் உறுதியான வழி.

லோடு பேலன்ஸ் வைத்தால் போதாதா?

இரண்டு லைனையும் சேர்த்து, எது காலியோ அதில் அனுப்பு என்று விடும் முறையும் உண்டு. வகுப்புக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கவுண்டருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வங்கித் தளங்களும் பணம் கட்டும் தளங்களும் லாகின் செய்த முகவரியும் அடுத்த பக்கம் கேட்கும் முகவரியும் வேறாக இருந்தால் சந்தேகப்பட்டு வெளியே தள்ளக்கூடும். சில சேவைகள் முன்கூட்டியே பதிவு செய்த நிலையான ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும். வீட்டு லைன்களில் பலவற்றில் நிலையான ஐபி கிடையாது, 100.64 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்து நிறையப் பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். நிலையான ஐபிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை ஒரு லைனுக்கு மட்டும் கட்டி, கவுண்டரை அதில் நிறுத்துவதே லாபம். குழுவாகப் பிரிப்பதன் பெரிய பயன் இதில்தான் இருக்கிறது.

லைன் படுத்தால்?

நம் பகுதியில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பத்தோடு கம்பமாகக் கட்டி வந்த கேபிள்களும் அதோடு போயின. இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். அப்படி வந்தால் ஒன்றை 4ஜி அல்லது 5ஜி லைனாக மாற்றிக்கொள்வது நல்லது.

லைன் படுத்ததைக் கர்னல் தானாகக் கண்டுபிடிக்காது. ரோட்டில் எங்கோ ஃபைபர் அறுந்தால் கடையில் இருக்கும் மோடம் உயிரோடுதான் இருக்கும். ப்ராக்ஸியின் கார்டும் இணைப்பு இருக்கிறது என்றே சொல்லும். பாக்கெட் போய்க்கொண்டே இருக்கும், பதில் வராது. அதனால் ஒவ்வொரு லைன் வழியாகவும் மோடத்தைத் தாண்டி வெளியே உள்ள முகவரி ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் வேண்டும். தொடர்ந்து பதில் வரவில்லை என்றால் ஸ்க்விட் கோப்பில் அந்தக் குழுவின் வெளிமுகவரியை மாற்றி, கோப்பை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். ஸ்க்விட்டை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை. ரீகான்ஃபிகர் கட்டளை போதும்.

இதில் இரண்டு குழுவையும் சமமாக நடத்தாதீர்கள் என்பேன். கவுண்டர் லைன் படுத்தால் கவுண்டர் வகுப்பு லைனுக்கு மாறட்டும். அந்த நேரம் வகுப்பில் வீடியோ தளங்களை நிறுத்திவைக்கலாம். வகுப்பு லைன் படுத்தால் வகுப்பு காத்திருக்கட்டும். இரண்டு பக்கமும் தானாக மாறும்படி வைத்தால், வகுப்பு லைன் போன நாளில் முப்பது மெஷினும் கவுண்டர் லைனில் வந்து விழும். இரண்டாவது லைன் வாங்கியதே அதைத் தடுக்கத்தான்.

சரியாகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கவுண்டர் மெஷினில் ஒன்று, வகுப்பு மெஷினில் ஒன்று என்று எடுத்து, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறங்கள். இரண்டிலும் வெவ்வேறு பொது முகவரி வர வேண்டும். பூட்டிய இணைப்பில் வரும் தளமாகப் பார்த்துத் திறப்பது முக்கியம். பூட்டாத பக்கமாக இருந்தால் ஸ்க்விட் தன் சேமிப்பிலிருந்து முன்பு வேறொருவருக்குக் கொடுத்த பதிலையே எடுத்துக் கொடுத்து உங்களைக் குழப்பலாம். இரண்டிலும் ஒரே முகவரி வந்தால், ஐபி ரூட் கெட் என்ற கட்டளையில் போகுமிடம் 8.8.4.4, புறப்படும் இடம் 192.168.2.2 என்று கொடுத்துக் கேளுங்கள். பதிலில் 192.168.2.1 வந்தால் கர்னல் பாதி சரி. ஸ்க்விட் கோப்பைப் பாருங்கள். 192.168.1.1 வந்தால் விதி எழுதியதில் பிழை.

இன்னொன்று: கட்டளையாக அடித்த விதிகளும் டேபிள்களும் மெஷின் அணையும் வரைதான் இருக்கும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்து மெஷின் மறுபடி எழும்போது ஸ்க்விட் கோப்பு அப்படியே இருக்கும், கர்னல் பாதி மட்டும் காணாமல் போயிருக்கும். மேலே சொன்ன தொங்கும் பக்கம் அன்றைக்குத்தான் வரும். உபுண்டு என்றால் நெட்ப்ளான் கோப்பில், மற்றவற்றில் அதனதன் நெட்வொர்க் அமைப்பில் வழிகளையும் விதிகளையும் நிரந்தரமாக எழுதுங்கள். எழுதிய பிறகு கடை பூட்டும் நேரத்தில் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு பக்கத்திலும் முகவரியை மறுபடி சரிபாருங்கள்.